உடும்பையாவுக்கு வேட்டி கட்டியவர்கள்

தலைவர் எங்கள் புத்தகத்தை இரண்டே விரல்களால் தூக்கிப் பிடித்தார். செத்த எலியை வெளியே வீசப் போகிறவர்கள் அதன் வாலை அப்படித்தான் பிடிப்பார்கள்.

"என்னா டீச்சர் இது? பல்லியா, முதலையா?"

"உடும்பு, தலைவரே."

"உடும்பா!" என்று அவர் முகத்தைச் சுளித்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த செயற்குழுவினர் எல்லாரும் உடனே முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் கொஞ்சம் தாமதமாகச் சுளித்தார். அவர் வாயில் காராபூந்தி இருந்தது.

மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த தமிழர் சங்கக் கட்டடத்தின் மாடி அது. நாற்காலிகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்ததால் எழுந்திருக்கும்போதெல்லாம் சேலை ஒட்டிக்கொண்டு வந்தது. கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எனக்கு யாரும் ஊற்றித் தரவில்லை.

அவரைத் தலைவர் என்றே எழுதுகிறேன். அப்படி அழைக்கப்படுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். வீட்டில் மனைவிகூட அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் விடுதலை, வரப்போகிற வருடம் அது. மலாக்காவில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு விழாக் குழுவின் மேல்தான் விழ வேண்டும். வெள்ளைக்கார துரைக்கு மாலை போட்டுக் கை குவித்தே பழகியவர்கள், கண்ணாடி முன்னால் நின்று சுதந்திரப் பேச்சு ஒத்திகை பார்த்தார்கள். தலைவரிடம் இரண்டுக்கும் ஒரே சால்வைதான் இருந்தது.

லோங்காங்கில் பிறந்தவர்

உடும்பையா பிறந்தது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கில். இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், லோங்காங் என்றால் சாக்கடை. மழை பிடித்துக்கொண்டால் ஆற்றிலிருந்து உடும்புகள் அதன் வழியாக ஊருக்குள் வரும். கோழி வளர்ப்பவர்கள் கத்துவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்போம்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் கொசு முட்டை தேடிக்கொண்டு வந்தார். எங்கள் தண்ணீர்த் தொட்டியைக் குச்சியால் கிண்டிவிட்டு, அம்மாவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினார். திரும்பி நடந்தவர் லோங்காங் ஓரத்தில் படுத்திருந்த உடும்பை மிதித்துவிட்டார். அது அவர் காற்சட்டையின் கீழ் மடிப்பைக் கவ்விக்கொண்டது. மனிதர் ஒற்றைக் காலில் முற்றம் முழுக்கக் குதித்தார். உடும்பு விடவே இல்லை. தொப்பி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம் விழுந்தது. அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, சிகரெட் அட்டையின் உட்புறத்தில் வேகவேகமாக எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் போன பிறகு அதை என்னிடம் நீட்டினான். குதிக்கிற மனிதனின் அவமானமும் கவ்வியிருக்கிற உடும்பின் நிம்மதியும் உள்ளங்கை அளவு அட்டையில் அப்படியே இருந்தன.

அவன்தான் தண்டபாணி.

பிடித்தால் விடாதவனை உடும்புப்பிடிக்காரன் என்று தமிழில் சொல்வோம் என்று மலாயில் அவனுக்கு விளக்கினேன். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறு வாரமே உடும்பையாவைப் பெற்றெடுத்துவிட்டோம்.

எங்கள் படக்கதை வீரருக்குப் பறக்கத் தெரியாது. ஓடினால் மூச்சு வாங்கும். வெயில் ஏறினால் தூங்கிவிடுவார். அவரிடம் இருந்த ஒரே வல்லமை, அக்கிரமக்காரனின் பின்புறத்தைக் கவ்வினால் அவன் மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டார் என்பதுதான். அரிசியில் கல் கலப்பவன், பிள்ளைகளை ரோத்தான் பிரம்பால் விளாசும் வாத்தியார், கோயில் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போகும் பிரமுகர் என்று எல்லாரும் கடைசிப் பக்கத்தில் உடும்பைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவருவார்கள்.

பேசத் தெரியாத தமிழன்

தண்டபாணி கம்போங் செட்டிக்காரன். காஜா பெராங்கை அறியாதவர்களுக்கு ஒரு சொல். எங்கள் முன்னோர் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து ஊன்றியவர்கள் இந்தச் செட்டி மக்கள். சாமி நம் சாமி. பெயர் நம் பெயர். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அதில் அங்கங்கே நம் சொற்கள் தலைகாட்டும்.

இதை வைத்து அவர்களைக் கேலி செய்வது எங்கள் ஆட்களுக்கு அப்போது ஒரு பொழுதுபோக்கு. கேலி செய்தவர்களில் பாதிப் பேர் தங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். கம்போங் செட்டியிலோ போகிப் படையல் போடும்போது தாத்தாவுக்குத் தாத்தா பெயரைச் சொல்லி இலை போடுவார்கள். யார் மறந்தவர்கள், யார் மறக்காதவர்கள் என்று அந்த வயதிலேயே எனக்குக் கோபமாக வரும். இப்போதும் வருகிறது.

பாணிக்கு சினிமாக் கொட்டகையில் பேனர் வரையும் வேலை. முகங்களை அவன் வரைவான், எழுத்துகளை வேறொருவர் எழுதுவார். அவனுக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்று 'அக்கா'. என்னை அப்படித்தான் அழைத்தான்.

நாங்கள் வேலை செய்த விதத்தை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் கதையை மலாயில் சொல்வேன். அவன் மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் படம் கீறி, பேச்சுக்கு வெற்று வட்டங்களை விட்டுவைப்பான். அவற்றில் நான் தமிழை எழுதுவேன். அவன் அதைப் படித்ததே இல்லை. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டுவோம். தலைமையாசிரியர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர்.

மெழுகுத்தாளில் கீறினால் கீறியதுதான். மூன்றாவது இதழில் வால் இருந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உடும்பையா ஒரு சண்டையில் வாலை இழந்ததாகக் கதையை மாற்றினோம். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அடுத்த இதழில் வாலை வளர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதல் இதழின் அட்டையில் 'படம்: தண்டபாணி' என்று எழுதி அவனிடம் காட்டினேன். தன் பெயரைத் தமிழில் அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக் கேட்டான். அந்த மூன்று சுழி 'ண' அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு அந்தப் பெயரைச் சைக்கிள் மட்கார்டில் வரைந்தான், சட்டைப் பையில் வரைந்தான், தூரிகையின் கைப்பிடியில் வரைந்தான். எழுதினான் என்று சொல்லக்கூடாது. அவனுக்கு அது ஒரு படம்.

செயற்குழுவின் திருத்தங்கள்

சங்க மாடிக்குத் திரும்புவோம். எங்கள் புத்தகத்தை எலி மாதிரிப் பிடித்த தலைவர் என்னை எதற்குக் கூப்பிட்டார் என்றால், மெர்டேக்காவுக்கு அந்தப் புத்தகமே அவருக்குத் தேவைப்பட்டது. காஜா பெராங்கிலிருந்து புக்கிட் ரம்பாய் வரைக்கும் பிள்ளைகள் உடும்பையா உடும்பையா என்று அலைந்தார்கள். இலவசமாக ஒரு சிறப்பிதழ் கொடுத்தால் சங்கத்துக்குப் பெயர் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நல்ல அச்சுக்கூடத்துல, கலர்ல போடுறோம் டீச்சர். ஆனா உடும்பு வேணாம். கேவலமா இருக்கு. சிங்கம்னு மாத்திருங்க."

"சிங்கம் வெள்ளைக்காரன் கொடியில இருக்கு தலைவரே," என்றார் செயலாளர்.

"அப்ப யானை."

"யானை காற்சட்டைய கவ்வுனா ஆளு செத்துப்போயிருவான்," என்றேன்.

அதையும் அவர்கள் சிறிது நேரம் யோசித்தார்கள். கடைசியில் உடும்பே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் உடும்பு வேட்டி கட்ட வேண்டும். நெற்றியில் திருநீறு இருக்க வேண்டும். பின்புறத்தைக் கவ்வக்கூடாது, கையைப் பிடித்து நல்ல புத்தி சொல்ல வேண்டும். முக்கியமாகப் பிரமுகர்கள் யாரும் வில்லனாக வரக்கூடாது. அது ஏன் முக்கியம் என்று நான் கேட்கவில்லை.

வேண்டாம் என்று எழுந்து வந்திருப்பேன். சேலையும் நாற்காலியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் 'கலர்' என்ற சொல் காதில் நின்றுவிட்டது. பாணி வரைந்த அத்தனை உடும்பும் அதுவரை கறுப்பு மைதான். பச்சை உடும்பு பார்க்க வேண்டும் என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருந்தான்.

அவனிடம் எல்லாத் திருத்தங்களையும் சொன்னேன். வேட்டியைக் கேட்டதும் சிரித்தான். பச்சை கிடைக்குமா என்று மட்டும் கேட்டான். கிடைக்கும் என்றேன். இரவு பகலாக உட்கார்ந்து வரைந்தான்.

"நாம சயா மானா?"

புத்தகம் அச்சாகி வந்த அன்று பாணி குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் சங்கத்துக்கு வந்தான். புத்தகக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கொடுத்தார்கள். பச்சை மை இன்னும் வாசனை அடித்தது. அட்டை முழுக்க உடும்பையா. வேட்டி கட்டியும் கம்பீரமாகத்தான் இருந்தார். பாணி உள்ளங்கையால் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

பிறகு அட்டையின் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். அட்டையைத் திறந்து அதன் உள்பக்கம் பார்த்தான். அங்கே சால்வையோடு தலைவரின் படம் பக்கம் நிறைய இருந்தது. அதன் கீழ் 'உருவாக்கம்' என்று போட்டு அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'உதவி: ஓர் ஆசிரியை' என்று என்னைத் திணித்திருந்தார்கள்.

"நாம சயா மானா?" என்று பாணி என்னைக் கேட்டான். என் பெயர் எங்கே என்று கேட்டான். அந்த ஒரு உருவம் எங்கே இருந்தாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான். அது எங்கேயும் இல்லை.

நான் தலைவரிடம் போனேன்.

"இடம் பத்தல டீச்சர்," என்றார்.

"உங்க மூஞ்சிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கெடச்சிருக்கே!"

செயலாளர் இருமினார். தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"தமிழ் ஒரு வார்த்தை ஒழுங்கா வராது அவனுக்கு. செட்டி. தமிழர் படைப்புன்னு மேடையில கொடுக்கிறோம். அவன் பேர போட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"அவன் பேரு தண்டபாணி. வீட்டுல உங்க மகன எப்படிக் கூப்பிடுறீங்க தலைவரே?"

அவர் மகனை வீட்டில் பாபி என்று கூப்பிடுவார்கள். தெருவுக்கே தெரியும். காராபூந்திக்காரர் மட்டும் "பாபி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, தலைவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மாற்ற முடியாது, அச்சாகிவிட்டது என்றார்கள். நான் கத்தினேன். உதவி ஆசிரியையின் கத்தலுக்கு அங்கே என்ன மதிப்பு? படி இறங்கியபோது எனக்கு அழுகை முட்டியது. பாணி அழவில்லை. பச்சை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தான். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

நானாவின் கண்ணாடி

எங்கள் புத்தகத்தை முதல் இதழிலிருந்து வாங்கி விற்றவர் இபுராகிம் நானா. பிஸ்கட் டின்களுக்கு நடுவில், ஆட்கள் சில்லறை வாங்கும் இடமாகப் பார்த்துத் தொங்கவிடுவார். சிறப்பிதழ் ஒன்றை அவருக்கும் கொடுத்தேன். அவருக்குக் கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்ததால் எதைக் கொடுத்தாலும் மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருந்த காலம்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடைப்பக்கம் போனேன்.

"பசியாறிட்டீங்களா டீச்சரம்மா? வாங்க, வாங்க. இதென்னா, உடும்பு உடம்பு பூரா பச்சை குத்தியிருக்கீங்க?"

"என்னா நானா?"

"செதிலப் பாருங்க. தண்டபாணி, தண்டபாணி, தண்டபாணின்னு... கழுத்துல தொடங்கி வாலு நுனி வரைக்கும் போகுது!"

அவர் கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தேன். செதில் என்று நான் நினைத்திருந்தது செதில் இல்லை. சின்னச் சின்னதாக, நெருக்கி, வரிசை வரிசையாகத் தண்டபாணி. மூன்று சுழிகள் அப்படியே செதிலாக மடிந்து உட்கார்ந்திருந்தன. அட்டையில் இருந்தது. முதல் பக்கத்தில் இருந்தது. உடும்பையா நின்ற, தூங்கிய, புத்தி சொன்ன ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தது.

செயற்குழு முழுவதும் அந்தப் படங்களைத் திருத்தம் பார்த்திருக்கிறது. வேட்டியின் கரை சரியா, திருநீறு மூன்று பட்டையா என்று உற்று உற்றுப் பார்த்திருக்கிறார்கள். உடும்பைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கேவலமான பிராணி அல்லவா! நானும் பேச்சை எழுதும் அவசரத்தில் பார்க்கவில்லை.

சைக்கிளில் பறந்துபோய்ப் பாணியைக் கேட்டேன். கொட்டகையின் பின்கட்டில் ஏதோ ஒரு நடிகரின் மூக்குக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். பழிவாங்க வேண்டும் என்றா செய்தாய் என்றேன். அவனுக்கு விளங்கவே இல்லை. வரையும்போது அட்டையிலிருந்து பெயரை எடுப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"போசான்லா, அக்கா," என்றான். ஒரு உடும்புக்கு எத்தனை செதில், அலுத்துப்போய்விட்டது, எனக்குத் தெரிந்த தமிழ்ப் படம் இது ஒன்றுதானே, அதையே வரைந்தேன் என்று மலாயில் சொன்னான். சொல்லிவிட்டு மூக்கின் நிழலைச் சரிசெய்தான்.

மை

நானாவின் கடையில் ஒருவர் பார்த்தால் போதும். மதியத்துக்குள் அந்தப் பிரதி டீக்கடை டீக்கடையாகக் கைமாறி, ஆள் ஆளுக்கு உடும்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் தலைவர் காதுக்கு எட்டியது.

அவர் போட்ட உத்தரவு வேறு எவருக்கும் தோன்றாது. அட்டையில் இருக்கும் உடும்பின் மேல் கறுப்பு மை பூசச் சொன்னார். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் உடும்பு இருந்ததால் அதைத் தொட முடியாது, மேடையில் அட்டை மட்டும்தானே தெரியும் என்று கணக்குப் போட்டார். செயற்குழுவினர் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து, உடும்பையாவைத் தலையிலிருந்து வால்வரை கறுப்பாக்கினார்கள். நாட்டுக்கு விடுதலை வரப்போகிற நேரத்தில் நம் தலைவர்கள் செய்த தொண்டு இது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். சிக்கனம் என்று அட்டைக்கு மெல்லிய தாளைத் தேர்ந்தெடுத்தவரே தலைவர்தான்.

பண்டார் ஹிலிர் திடலில் கூட்டமான கூட்டம். கொடிகளும் வெயிலும் சர்பத் வண்டிகளும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. சங்கத்தின் முறை வந்தபோது தலைவர் மேடையேறி, பெரிய அதிகாரி ஒருவரிடம் முதல் பிரதியைக் கொடுத்தார். அதிகாரி மலாய்க்காரர், மரியாதை தெரிந்தவர். வாங்கியதைக் கீழே வைத்துவிடாமல் அட்டையைத் திறந்தார்.

உள்பக்கத்தில் சால்வை இருந்தது. சால்வைக்கு மேலே முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஊறி இறங்கிய மையில் கன்னங்கரேலென்று ஒரு உடும்பு படுத்திருந்தது.

அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார். இது யார் என்று மலாயில் மெல்லக் கேட்டார். மைக் முன்னாலேயே நின்றிருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது.

தலைவருக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குப் பேச்சு வராமல் இருந்திருக்கும். கீழே பிள்ளைகள் இலவசமாகக் கிடைத்த பிரதிகளைப் புரட்டி உள்ளே இருந்த பச்சை உடும்புகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி உரக்கப் படிக்க, பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொள்ள, தண்டபாணி, தண்டபாணி என்று வாய்ப்பாடு மாதிரி அந்த வரிசை முழுக்கச் சத்தம் எழுந்தது.

என் பக்கத்தில் நின்றிருந்த பாணி முதலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகுதான் விளங்கியது. இஸ்திரி போட்ட சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

அடுத்த இதழைப் பழையபடி மெழுகுத்தாளில் போட்டோம். உடும்பையா வேட்டியை அவிழ்த்து வேலியில் மாட்டிவிட்டு, ஒரு பிரமுகரின் பின்புறத்தைக் கவ்விக்கொண்டு ஊர்வலம் போனார். பல வருடங்கள் கழித்தும் மலாக்காவில் சினிமா பேனர்களைக் கிட்டே போய்ப் பார்த்தால், கதாநாயகர்களின் சட்டையில் ஒரு மூன்று சுழிப் பூப்போட்ட துணி இருக்கும்.

தலைவருக்குப் பின்னாளில் பட்டங்கள் வந்தன, இன்னும் பல சால்வைகள் வந்தன. அவரைப் பற்றி எழுதும்போது பெயரைச் சொல்லாமல் விடலாமா என்று அவர் வீட்டார் வருத்தப்படக்கூடும். எழுதியதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்த்தேன். தண்டபாணியின் பெயர் இருக்கிறது. இபுராகிம் நானாவின் பெயர் இருக்கிறது. பாபியின் பெயர்கூட இருக்கிறது. தலைவரின் பெயர்தான் எங்கேயும் இல்லை.

என்ன செய்வது, இடம் பத்தவில்லை.